பீரோ பக்கம் திரும்பிய முள்
(எட்டாம் வகுப்பு – அறிவியல் – காந்தவியல்)

உத்திரமேரூர் அருகே உள்ள எங்கள் பள்ளியில், திசைகாட்டியைக் கொண்டு வடக்குத் திசையைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் வாசல் பக்கம் குறித்திருக்க, ஒரு மாணவி மட்டும் மூலையில் இருந்த பீரோவை நோக்கிக் குறித்திருந்தாள். 'தவறு' என்று சிவப்பு மையால் எழுதினேன். "முள்ளு அப்படித்தான் நின்னுச்சு சார்" என்றாள். மறுநாள் அவள் இடத்தில் அமர்ந்து நானே பார்த்தேன். முள் பீரோ பக்கமே நின்றது. அவள் கண்டதை எழுதியிருந்தாள். மற்றவர்களில் சிலர் முன்பே தெரிந்ததை எழுதியிருந்தனர். சிவப்புக் குறியை அடித்துவிட்டு, பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

கற்றல் விளைவு

காந்தப்புலத்தை எந்தப் பொருள் தடுக்கும், எப்படித் தடுக்கும் என்பதைச் சோதித்து அறிதல்.

தேவையான பொருள்கள்

சட்டக் காந்தம், குண்டூசி, நூல், செல்லோடேப், காகித அட்டை, பிளாஸ்டிக் ஸ்கேல், அலுமினியத் தட்டு, பிஸ்கட் டின் மூடி.

செயல்பாடு

புத்தக அடுக்கின் மேல், ஒரு முனை வெளியே நீட்டியிருக்குமாறு காந்தத்தை வைத்து அசையாமல் ஒட்டவும். குண்டூசியில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையை மேசையில் ஒட்டவும். ஊசி காந்தத்தைத் தொடாமல், சுமார் ஒரு செ.மீ. கீழே அந்தரத்தில் நிற்குமாறு நூலின் நீளத்தைச் சரிசெய்யவும். இனி ஒவ்வொரு பொருளாக அந்த இடைவெளியில் நுழைக்கவும். எதையும் நுழைக்கும் முன், என்ன நடக்கும் என்று மாணவர்கள் ஊகித்து எழுத வேண்டும்.

அட்டை, பிளாஸ்டிக், அலுமினியம் ஆகியவற்றை நுழைத்தால் ஊசி அசையாது. டின் மூடியை நுழைத்தால் விழுந்துவிடும். எவர்சில்வர் தட்டு பயன்படுத்துவோர், அதில் காந்தம் ஒட்டுகிறதா என்று முதலில் பார்க்கவும். ஒட்டாத தட்டு ஊசியை விழச்செய்யாது.

விளக்கம்

"இரும்பு சுவர் மாதிரி மறைச்சிடுச்சு" என்று மாணவர்கள் சொல்வார்கள். இங்கேதான் திருத்தம் தேவை. நெல் களத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினால் மழைநீர் களத்துக்குள் வராமல் வாய்க்காலில் ஓடிவிடும். நீரை நாம் அழிக்கவில்லை, வழி மாற்றினோம். இரும்பும் அப்படியே காந்த விசைக்கோடுகளைத் தன் வழியே திருப்பிக்கொள்கிறது. ஆனால் விசைக்கோடுகள் நீரைப்போல் ஓடுபவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விண்வெளியில் இதே சிக்கல்

சத்யேந்திர நாத் போஸ் 1924-இல் எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டீன் விரிவுபடுத்தினார். மிகக் குளிர்ந்த அணுக்கள் ஒன்றுபோல் இயங்கும் புதிய நிலை ஒன்று உண்டு என்று அதிலிருந்து தெரியவந்தது. 1995-இல் ரூபிடியம் அணுக்களைக் கொண்டு அந்நிலை உருவாக்கப்பட்டது. 2018 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் இச்சோதனை நடக்கிறது. எடையற்ற நிலையில் அணுக்கள் கீழே விழாமல் நெடுநேரம் மிதப்பதால் நுட்பமாக அளக்க முடிகிறது.

ஆனால் ரூபிடியம் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிடங்களில் பூமியைச் சுற்றுவதால், அதைச் சூழ்ந்த புவிக்காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். ஈர்ப்பு விசையை நுட்பமாக அளக்கும்போது, காந்தப்புலம் தரும் சிறு தள்ளலையும் ஈர்ப்பு என்று கருதிவிட நேரும். பீரோவை வடக்கு என்று கொள்வது போன்ற பிழைதான் இது.

இத்தகைய கருவிகளைக் காக்க 'மியூ-மெட்டல்' என்ற உலோகக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் சுமார் 80 விழுக்காடு நிக்கல். மீதியில் பெரும்பகுதி இரும்பு. தடித்த ஒரே பெட்டியைவிட, இடைவெளி விட்டு ஒன்றனுள் ஒன்றாக வைத்த மெல்லிய பெட்டிகள் நன்கு காக்கும், எடையும் குறையும். லேசர் ஒளி செல்ல விடும் துளைகளின் வழியே புலம் சற்றே நுழையும். வளைந்தாலோ அடிபட்டாலோ கலவையின் திறன் குறையும் என்பதால் ராக்கெட்டின் அதிர்வையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூடுவது மட்டுமே வழியன்று. மும்பையில் மின்சார டிராம் வரவிருந்ததால், கொலாபா காந்த ஆய்வகத்தின் பணி 1904-இல் தொடங்கி அலிபாக்கிற்கு மாற்றப்பட்டது. 2023-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஆதித்யா-எல்1 கலத்தில், காந்தமானி உணரிகள் 6 மீட்டர் நீளக் கையில் பொருத்தப்பட்டுள்ளன. ஒன்று நுனியில், மற்றொன்று நடுவில். இரண்டின் அளவீடுகளையும் ஒப்பிட்டு, கலத்தின் சொந்தக் காந்தப்புலத்தைப் பிரித்தறியலாம்.

மதிப்பீடு

1. டின் மூடியில் பெரிய துளையிட்டு, துளையைக் காந்தத்துக்கு நேர்கீழே பிடித்தால் ஊசி விழுமா? ஊகித்துச் சோதிக்கவும்.
2. ஆதித்யாவில் ஒரே உணரி இருந்தால் என்ன குறை?
3. பீரோவிலிருந்து எத்தனை அடி தள்ளினால் முள் வடக்கே திரும்புகிறது? அளந்து எழுதவும்.

மூன்றாம் வினாவை அந்த மாணவியின் குழுவுக்கே கொடுத்தேன். இப்போது எங்கள் அளவீட்டு அட்டவணையில் 'அருகில் உள்ள இரும்புப் பொருள்கள்' என்று ஒரு பத்தி கூடியிருக்கிறது. பாடநூலுக்கு மாறான விடை வந்தால், மதிப்பெண் போடும் முன் அந்த இடத்தில் நாமும் ஒருமுறை அமர்ந்து பார்ப்போம்.