இரவில் மட்டும் அணையும் கேமரா: பவர் ஓவர் ஈதர்நெட் பாடம்

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. அடுத்து வாசலில் ஒரு கேமரா மாட்டலாம் என்று நினைக்கிறீர்களா? அதற்கு முன் இந்தப் பாடத்தைப் படித்து விடுங்கள். நான் செய்த தவறு உங்களுக்கு வேண்டாம்.

என் அம்மா திருச்சி பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஒரு லீவில் ஊருக்குப் போய் வாசலில் ஐ.பி. கேமரா ஒன்றை மாட்டினேன். ரூட்டரிலிருந்து கேமரா வரை 30 மீட்டர் கேபிள். பகலில் படம் பளிச்சென்று வந்தது. இரவில் மட்டும் விட்டு விட்டு வந்தது. சாஃப்ட்வேர் கோளாறு என்று முடிவு கட்டி ஃபர்ம்வேரை அப்டேட் செய்தேன். ஐ.பி. முகவரியை மாற்றினேன். பலன் இல்லை.

"விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான்டா அது அணையுது. விடிஞ்சா தானா சரியாயிடுது" என்று அம்மா போனில் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு வாரத்தில் வாசலில் நின்ற அப்பாவின் சைக்கிள் திருடு போனது. அப்பா இறந்த பிறகும் அம்மா தினமும் துடைத்து வைத்த சைக்கிள் அது. அன்றைய ரெக்கார்டிங்கில் துண்டு துண்டாகச் சில நொடிகள்தான் இருந்தன. ஒரு முகமும் இல்லை.

இருட்டியதும் என்ன நடக்கிறது?

இருட்டியதும் கேமரா தன் இன்ஃப்ராரெட் விளக்குகளை எரிய விடுகிறது. என் கேமராவுக்குப் பகலில் 4 வாட் போதும். இரவில் 9 வாட் தேவை. நான் காசை மிச்சம் பிடிக்க, 12 வோல்ட் அடாப்டரின் மின்சாரத்தை நெட்வொர்க் கேபிளின் உபரி வயர்களில் அனுப்பும் சாதாரண ஸ்பிளிட்டரைப் போட்டிருந்தேன். கேபிளும் மலிவானது, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. 30 மீட்டருக்குப் போய் வர அதன் மின்தடை சுமார் 4 ஓம்.

கணக்கைப் பாருங்கள். பகலில் 4 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 0.33 ஆம்பியர். அதை 4 ஓமால் பெருக்கினால் 1.3 வோல்ட் வழியில் வீணாகிறது. மீதி 10.7 வோல்ட்டில் கேமரா எப்படியோ ஓடிவிடும். இரவில் 0.75 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் காலி. மீதி 9 வோல்ட்டில் கேமரா ரீஸ்டார்ட் ஆகிறது. அப்போது விளக்கு அணைவதால் வோல்ட்டேஜ் ஏறுகிறது. மீண்டும் விளக்கு எரிந்ததும் மீண்டும் ரீஸ்டார்ட். விடியும் வரை இதே கதைதான்.

இதற்கு என்ன வழி?

முறையான பவர் ஓவர் ஈதர்நெட் சுமார் 48 வோல்ட்டில் அனுப்புகிறது. 9 வாட்டுக்கு 0.19 ஆம்பியர்தான் ஓடும். அதே கேபிளிலும் வீணாவது 1 வோல்ட்டுக்கும் குறைவு. இதில் முக்கியமான தரங்கள் இவை:

802.3 ஏ.எப். (2003): ஸ்விட்ச் தருவது 15.4 வாட், கேமராவுக்குக் கிடைப்பது 12.95 வாட்.

802.3 ஏ.டி. (2009): தருவது 30 வாட், கிடைப்பது 25.5 வாட்.

802.3 பி.டி. (2018): தருவது 60 அல்லது 90 வாட்.

வாசலில் நிலையாக நிற்கும் சாதாரண கேமராவுக்கு முதல் தரமே போதும். சுற்றித் திரும்பும் கேமராக்கள் பலவற்றுக்கு இரண்டாவது தேவைப்படும்.

இந்த ஸ்விட்ச் எடுத்த உடனே மின்சாரத்தை அனுப்பாது. மறுமுனையில் 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று சிறிய வோல்ட்டேஜில் சோதித்துவிட்டுத்தான் அனுப்பும். எனவே தவறுதலாகக் கம்ப்யூட்டரைச் செருகினாலும் பயமில்லை. நான் வாங்கியது போன்ற சாதாரண ரகத்தில் இந்தச் சோதனை கிடையாது. அதில் கம்ப்யூட்டரைச் செருகாதீர்கள். நெட்வொர்க் போர்ட் பழுதாகலாம்.

வாங்கும் முன் கவனிக்க

1. கேமராவின் பெட்டியில் அதிகபட்ச வாட் எவ்வளவு என்று பாருங்கள். இன்ஃப்ராரெட் எரியும்போது ஆகும் அளவே கணக்கு.

2. கேமரா எந்தத் தரத்தை ஏற்கும் என்று பாருங்கள். 12 வோல்ட் மட்டும் ஏற்கும் கேமராவுக்கு, 48 வோல்ட்டை 12 ஆகக் குறைத்துத் தரும் 802.3 ஏ.எப். ஸ்பிளிட்டர் தனியாக வேண்டும்.

3. ஸ்விட்சின் மொத்த வாட்டைப் பாருங்கள். எட்டு போர்ட் இருந்தாலும் மொத்தம் 60 வாட்தான் என்றால், 12 வாட் கேமராக்கள் நான்கோடு நிறுத்துங்கள். 48 வாட் போக மீதி கையிருப்பாக இருக்கட்டும்.

4. முழுச் செம்பாலான கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் கேளுங்கள். வயரின் நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

5. ஸ்விட்ச், ரூட்டர், ரெக்கார்டர் மூன்றையும் யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். கரண்ட் போனாலும் கேமரா ஓடும். கேமராவுக்குத் தனி யு.பி.எஸ். தேவையில்லை.

மாட்டிய பின் ஒரு சோதனை

பகலில் படம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கேமராவின் செட்டிங்ஸில் இரவு நிலையைத் தேர்வு செய்யுங்கள். அல்லது லென்ஸையும் முன்புறத்தையும் கறுப்புத் துணியால் மூடுங்கள். விளக்கு எரிந்த நிலையில் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் இணைப்பு சரி.

நான் ஏ.எப். தர ஸ்விட்சும் முழுச் செம்பு கேபிளும் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். அதன் பிறகு ஒரு இரவு கூட கேமரா அணையவில்லை. சைக்கிள் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

எந்தக் கருவி மக்கர் செய்தாலும், அது எந்த நேரத்தில் மக்கர் செய்கிறது என்று முதலில் குறித்து வையுங்கள். அம்மா அதைத்தான் எனக்குச் சொன்னார். அன்றே கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.