ரிலே வேலைக்கு வர எந்தப் படிப்பு?

பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் போதும், திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பிள்ளையை எதில் சேர்ப்பது? கரெண்ட் வேலையில் ஆசையுள்ள பிள்ளைகளைக்கூட, பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான், துபாயிலிருந்து மாமா சொன்னார் என்று ஏதாவதொன்றில் தள்ளிவிடுகிறார்கள். ஜெனரேட்டர் பாதுகாப்பு ரிலேக்களைச் சோதித்துப் பராமரிப்பதே என் தொழில். அதற்கு வர நினைப்பவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

வழிகள் தெரிந்தவைதான். சாக்கை அரசு ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு எலெக்ட்ரீஷியன். வட்டியூர்க்காவு சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு டிப்ளமா. 1939-இல் தொடங்கி இப்போது ஸ்ரீகாரியத்தில் இருக்கும் அரசு இன்ஜினீயரிங் காலேஜில் பி.டெக். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோணத்திலேயே அரசு பாலிடெக்னிக் உண்டு. மார்க்கையும் வசதியையும் பார்த்து எதில் சேர்ந்தாலும் பழுதில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமா இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமா முடித்தவர் பி.டெக். இரண்டாம் ஆண்டிலும் நேரே சேர வழி இருக்கிறது.

நான் பயப்படுவது இன்னொரு வழியைப் பார்த்து. மூன்றே மாதத்தில் ஆட்டோமேஷன் இன்ஜினீயர் ஆகலாம் என்று போர்டு வைத்து, பி.எல்.சி., ஸ்கேடா என்று பெரிய தொகை வாங்கும் குறுகிய காலப் படிப்புகள். கம்ப்யூட்டர் திரையில் மோட்டார் சுற்றும், விளக்கு மாறும், கடைசியில் சான்றிதழ் வரும். அதைக் காட்டி வயர்மேன் பெர்மிட்கூட வாங்க முடியாது.

அப்படிப் படித்து வந்த ஒரு பையனிடம், ஒரு கட்டிடத்தின் ஜெனரேட்டர் பேனலில் ஓவர்கரெண்ட் ரிலேயைச் சோதிக்கச் சொன்னேன். முகப்பிலிருந்த டெஸ்ட் பட்டனை அமுக்கினான். சிவப்பு விளக்கு எரிந்ததும், "சரியா இருக்கு சார்" என்றான். அந்தப் பட்டன் ரிலேயின் உள்சர்க்யூட்டைத்தான் சோதிக்கும். சி.டி.யிலிருந்து, அதாவது கரெண்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து, கரெண்ட் வந்து சேருகிறதா, செட்டிங் சரிதானா என்பதையெல்லாம் அது சொல்லாது.

அதற்கு இன்ஜெக்ஷன் கிட் வைத்து அளந்தாக வேண்டும். சி.டி. 400/5, பிக்கப் 5 ஆம்பியர், நார்மல் இன்வர்ஸ் கர்வ், டைம் செட்டிங் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் கொடுத்தால் சுமார் 1 விநாடியிலும், 50 ஆம்பியர் கொடுத்தால் சுமார் 0.3 விநாடியிலும் டிரிப் ஆக வேண்டும். இரண்டு விநாடி எடுத்தால், பழைய டிஸ்க் ரிலேயில் காந்த இடைவெளியில் தூசி அடைந்திருக்கலாம்; நியூமெரிக்கல் ரிலேயில் யாராவது கர்வையோ டைம் செட்டிங்கையோ மாற்றியிருக்கலாம். ஸ்டாப்வாட்சோடு வேலை முடிந்துவிடாது. அந்த டிரிப் ஆணைக்கு பிரேக்கர் உண்மையிலேயே திறக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முந்தின பாடம் ஒன்றுண்டு. லோடு ஓடும்போது ரிலேயைக் கழற்றுவதானால் முதலில் சி.டி. செகண்டரியை ஷார்ட் செய்ய வேண்டும். திறந்து விட்டால் அந்த இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும், ஆளைக் கொன்றுவிடும். அந்தப் பையனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ரிவர்ஸ் பவர் ரிலேயையும் திரையைப் பார்த்து மட்டும் கற்றுவிட முடியாது. இரண்டு ஜெனரேட்டர் சேர்ந்து ஓடும்போது ஒன்றுக்கு டீசல் நின்றால், அது மோட்டாராக மாறித் தன் இன்ஜினையே இழுக்கத் தொடங்கும். டீசல் செட்டுக்குப் பொதுவாக ரேட்டிங்கில் 5 முதல் 15 சதவீதம் வரை செட்டிங் வைப்பார்கள். சி.டி.யின் எஸ்1, எஸ்2 வயர்கள் மாறிவிட்டால், லோடு ஏற்றியதுமே ரிலே வீணாக டிரிப் அடிக்கும். ஸ்கேடா திரையில் அலாரம் தெரியும். மாறிக் கிடக்கும் வயர் தெரியாது. சங்குமுகம், விழிஞ்ஞம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று பட்டு 24 வோல்ட் துணை ரிலேக்களின் கான்டாக்ட் கெட்டுப்போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் வெள்ளிப் பூச்சையே உரித்துவிடுகிறார்கள்.

பி.எல்.சி. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிப்படை பிடிபட்ட பிறகு படித்தால் அது நல்ல கருவி. நான் ஐ.டி.ஐ. வழியாக வந்தவன், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்: முதலில் ஐ.டி.ஐ., பிறகு அப்ரண்டிஸ், பிறகு டிப்ளமா. ஐந்தாறு வருஷம் போகும். போகட்டும். வருஷக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்து, கோளாறு வரும் ஒரு விநாடியில் இயங்க வேண்டியது ரிலே. அதைச் சோதிப்பவருக்கும் அந்தப் பொறுமை வேண்டும்: அதே ரீடிங்கை மறுபடி எடுக்க, பதிவேட்டில் எழுத, போன வருஷக் கணக்கோடு ஒப்பிட. டெக்னோபார்க் போன அண்ணன் மகனோடு ஒப்பிட்டு இந்தப் பொறுமையைக் குலைக்காதீர்கள், பெற்றோரே. ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு அது தானாகவே வரும்.

பெரிய கட்டிடங்களில் அவ்வப்போது ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள். தெரிந்த ஆபரேட்டர் யாராவது இருந்தால், விண்ணப்பம் போடும் முன் பிள்ளையை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். பேனலைப் பார்த்துக் கேள்வி கேட்டால் எலெக்ட்ரிக்கலில் போடுங்கள். இன்ஜின் பக்கமே நின்றுகொண்டிருந்தால், ஐ.டி.ஐ.யில் 1 ஆண்டு மெக்கானிக் டீசல் இருக்கிறது. அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.