செங்காந்தள் வளர்க்கும் முறை

வேலிப்புறங்களிலும் புதர்க்காடுகளிலும் மழைக்காலத்தில் தீச்சுடர்போல் பூத்து நிற்கும் செங்காந்தளை அறியாதார் சிலரே. கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்பனவும் இதன் பெயர்களே. குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்படும் மலர்களுள் முதலில் நிற்பது இதுவாகும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் இது விதைக்காகவே பெரும் பரப்பில் பயிராகின்றது. இங்குக் கூறப்புகுவது, வீட்டுத் தோட்டத்தில் சில கொடிகள் வளர்க்கும் விதம் மாத்திரமே.

கிழங்கு, கலப்பைபோல் இரு கிளையாக வளைந்திருக்கும். கிளையின் நுனியில்தான் முளை உண்டு. அந்நுனி ஒடிந்தால் அக்கிளை தளிர்ப்பதில்லை. ஆதலால் கண்டபடி நறுக்கி நடுதல் வீண். இதனை எழுதுவோன் முதன்முறை கூடையில் குவித்துக் கொணர்ந்த கிழங்குகளிற் பாதி முளையாமற் போனமைக்கு இதுவே காரணம். மணலிடையே அடுக்கிக் கொணர்தல் நன்று. காட்டில் தோண்டாமல், பயிரிடுவோரிடமே வாங்குக. விதையிட்டால் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

நீர் வடியும் செம்மண் ஏற்றது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் தொழுவெருவிட்டு, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுக. இலைநுனியே பற்றுக்கம்பியாய்ச் சுருண்டு பிடிப்பதால், பருத்த கம்பம் பயன்படாது. மெல்லிய முட்குச்சியோ கிளுவை வேலியோ போதும். மலர் முதலில் பச்சை கலந்த மஞ்சளாய் விரிந்து, நாளடைவில் சிவக்கும். காய் முற்றியபின் கொடி காய்வது நோயன்று. அப்பொழுது நீரை நிறுத்தி, பாத்தியைக் கொத்தாமல் விடுக.

இனிக் கூறுவதைக் கிராம அதிகாரிகளும் மனத்திற் கொள்ளவேண்டும். இச்செடி முழுவதும் விஷம். கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கீல்வாத மருந்தாகிய கால்ச்சிசின் இதிலிருந்து எடுக்கப்படுவதாயினும், வீட்டு வைத்தியத்திற்கு இதனைத் தொடலாகாது. வள்ளிக்கிழங்கென்று எண்ணி உண்டு இறந்தோர் உண்டு. உண்ட சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, பேதி தோன்றும். பின்னர்ச் சற்றுத் தெளிவுபோற் காணினும் ஏமாறலாகாது. ஆபத்து அதன்பின்னரே முற்றும். தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. எஞ்சிய கிழங்கையும் டாக்டரிடம் காட்டுக.

ஆடுமாடு நுழையாதவாறு பாத்திக்கு வேலியிடுக. தோண்டிய கிழங்கைச் சமையலறைக் கிழங்குகளோடு வைக்காமல், பூட்டிய பெட்டியில் மணலிட்டு வைத்து, கைகளை நன்கு கழுவுக.