அண்டை ஊரில் ஒரு பழங்கல்



நமது காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் தரங்கம்பாடி இருக்கிறது. அங்கே போய் வந்தவர்களைக் கேட்டால், 1620-ல் டேனிஷ்காரர் எழுப்பிய கோட்டையைப் பார்த்தோம் என்பார்கள். கோட்டைக்கு அருகே, கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்தீர்களா என்றால் பலர் விழிப்பார்கள்.

அக்கோயில் 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கோட்டையைவிட முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. தரங்கம்பாடி என்றால் அலைகள் பாடும் ஊர் என்று நாம் பொருள் சொல்லுகிறோம். கோயிற் கல்வெட்டிலோ ஊரின் பழம்பெயர் சடங்கன்பாடி என்று காண்கிறது!

அலைகள் பாடுவதோடு நிற்கவில்லை. கோயிலின் முன்பகுதியைக் கொண்டுபோய்விட்டன. காரணம் என்ன? கடற்கரையும் ஒரு குடும்பக் கணக்கே. ஆறு கொண்டுவரும் மணல் வரவு. அலை வாரிச் செல்லும் மணல் செலவு. வரவு குறைந்தால் கரை குறுகும். அரசலாறு கடலில் சேருமிடத்தில் வாழும் நாமும் இதை அறிந்திருப்பது நலம்.

பெற்றோர்களே, விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். பிற சமயத்தாரின் ஆலயமாயிற்றே என்று தயங்க வேண்டாம். மரியாதையோடு நின்று பாருங்கள். நம் முன்னோர் வாழ்ந்த கரையின் சரித்திரம் அது. ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: கல்லில் யாரும் தம் பெயரைக் கீறலாகாது. கடல் விட்டுவைத்ததை நம் கை அழிக்க வேண்டாம்.