ஊரும் அணியும்

நுழையும் முன்

தொலைக்காட்சியில் காணும் அயல்நாட்டு அணியின் வீரர் பதினொருவர் பெயரையும் நம்முள் பலர் தடையின்றிக் கூறுவர். ஆனால், தாம் வாழும் நகரத்தின் கால்பந்துக் கழகம் எது, அது எங்கே ஆடுகிறது என வினவினால் விடை கூறத் தயங்குவர். இந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பாடம்

இந்தியாவில் கால்பந்துக்குக் கூட்டம் சேராது என்று எவரேனும் கூறினால் வரலாறு அதனை மறுக்கும். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், கொல்கத்தாவின் மோகன் பாகான் அணி, ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியொன்றை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அந்த அணியினருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். அதனைக் காணப் பல்லாயிரவர் புறநகர்களிலிருந்தும் திரண்டு வந்தனர். 1997இல் அதே நகரத்தில் மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியை 1,30,000க்கும் மேற்பட்டோர் அரங்கில் அமர்ந்து கண்டனர்.

இத்தகைய நாட்டில், இரண்டாம் நிலையிலும் அதற்குக் கீழும் உள்ள தொடர்களில் ஆடும் கழகங்கள் பல, பெரும்பாலும் வெற்று இருக்கைகளின் முன்னே ஆடுகின்றன. நுழைவுக் கட்டணம் மிகக் குறைவாக இருக்கும் இடங்களிலும் இதே நிலைதான். இதற்குக் காரணம் யாது?

தரம் குறைவா?

ஆட்டத்தின் தரம் குறைவு, அதனால் மக்கள் வருவதில்லை என்பது பலரும் உடனே கூறும் விடை. இவ்விடையைச் சற்றே சோதித்துப் பார்ப்போம்.

கேரளத்தின் மலபார்ப் பகுதியில் அணிக்கு எழுவர் ஆடும் 'செவன்ஸ்' கால்பந்து புகழ் பெற்றது. மழைக்காலம் முடிந்தபின், அறுவடையான வயல்களிலும் சிறு திடல்களிலும் இவ்வாட்டங்கள் நடைபெறும். கமுகு மரங்களையும் மூங்கிலையும் கொண்டு தற்காலிகப் படிவரிசைகள் அமைப்பர். பகல் முழுதும் உழைத்தவர்கள் இரவில் மின்விளக்கொளியில் ஆட்டத்தைக் காண வருவர். இது தேசியத் தொடர்களுள் எதிலும் சேராத ஆட்டமாயினும் படிவரிசைகள் நிரம்பி வழியும்.

2022ஆம் ஆண்டு சந்தோஷ் கோப்பைப் போட்டிகள் அதே வட்டாரத்தில், மலப்புறம் மாவட்டத்தில் நடைபெற்றன. இது மாநில அணிகளுக்கான போட்டி. பெரும்புகழ் வாய்ந்த வீரர்கள் இதில் ஆடுவது அரிது. எனினும் கேரளமும் மேற்கு வங்கமும் மோதிய இறுதியாட்டத்தை 25,000க்கும் மேற்பட்டோர் கண்டனர். ஆகவே, தரம் ஒரு காரணமாகலாம், முதன்மைக் காரணமாகாது. ஆடுவது தம் அணி என்னும் எண்ணமே மக்களை வீட்டிலிருந்து எழுப்புகிறது. கீழ்நிலைக் கழகங்கள் அவ்வெண்ணத்தை ஊட்டத் தவறும் வழிகள் மூன்றினை இனிக் காண்போம்.

நேரமும் செய்தியும்

முதலாவது, ஆட்டம் நடப்பதே ஊருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், வேலைநாளின் பிற்பகலில் நடக்கும் ஆட்டத்திற்குத் தொழிலாளரும் மாணவரும் எவ்வாறு வருவர்? மின்விளக்கு வசதியில்லாத திடல்களுக்கு வெயில் நேரமே வாய்க்கிறது. வார இறுதி மாலையிலோ, உலகின் சிறந்த அணிகள் ஆடும் ஆட்டங்கள் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

அழைப்பின் ஆற்றலை 2018ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று காட்டுகிறது. அவ்வாண்டு ஜூன் முதல் நாள் மும்பையில் இந்திய அணி சீன தைபே அணியை 5-0 என வென்றது. நாட்டின் தலையாய அணி ஆடியும், வந்தவர் 2,569 பேரே. அணித்தலைவர் சுனில் சேத்ரி ஒரு காணொளியில், "அரங்குக்கு வாருங்கள்; எம்மைத் திட்டுவதாயினும் அங்கே வந்து திட்டுங்கள்" என்னும் கருத்துப்பட மக்களை வேண்டினார். மூன்று நாள் கழித்துக் கென்யாவுடன் நடந்த ஆட்டத்திற்கு நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. அம்மூன்று நாளில் அணியின் தரம் மாறிவிடவில்லை; மக்கள் நேரில் அழைக்கப்பட்டனர். புகழ்பெற்ற தலைவரின் அழைப்பு நாடெங்கும் கேட்கும். சிறு கழகத்திற்கோ பள்ளியும் கடைத்தெருவும் பேருந்து நிலையமுமே அழைப்பு விடுக்கும் இடங்கள்.

நிலைத்த இல்லம்

இரண்டாவது, பற்று வேரூன்றக் காலம் வேண்டும். பஞ்சாபின் ஃபக்வாராவைச் சார்ந்த ஜே.சி.டி. அணி, 1996-97இல் நடந்த முதல் தேசியக் கால்பந்துத் தொடரை வென்றது. மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2005-06இல் அத்தொடரை வென்றது. இரண்டும் நிறுவனங்கள் நடத்திய அணிகள். மகிந்திரா 2010இலும் ஜே.சி.டி. 2011இலும் கலைக்கப்பட்டன. முடிவெடுத்தவை நிறுவனங்கள், அவ்வூர்கள் அல்ல. நாளை இருக்குமோ இராதோ என்னும் அணியின்மீது தந்தை வைத்த பற்றை மகன் எவ்வாறு பெறுவான்?

பெயர் ஓர் ஊரும் ஆடுகளம் வேறோர் ஊருமாக அமைவதும் உண்டு. 2018-19இல் ஐ-லீக் தொடரை வென்ற சென்னை சிட்டி அணி, தன் இல்ல ஆட்டங்களை ஆடியது கோயம்புத்தூரில். வெற்றி பெற்ற அணியை எந்த ஊரார் தமது எனக் கொண்டாடுவது?

வெற்றியின் பயன்

மூன்றாவது, ஆட்டத்தின் முடிவால் ஏதேனும் ஒன்று மாற வேண்டும். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபின் விளம்பரமும் முதலீடும் அதனை நோக்கிச் சென்றன. பழைய ஐ-லீக் தொடரில் வென்ற அணிக்கு மேல்நிலை ஏறும் வழி நெடுநாள் திறக்கவில்லை. கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா அணி 2020-21, 2021-22 என இருமுறை அடுத்தடுத்து வென்றும் அதே தொடரிலேயே நின்றது. 2022-23இல் முதலிடம் பெற்ற பஞ்சாப் அணியே முதன்முதலாக ஆட்டத்தின் வழியே மேல்நிலைக்கு உயர்ந்தது. ஏணியில்லாத மாடிக்கு எவரும் ஏற முயலார். ஏற்றமும் இறக்கமும் உள்ள இடத்தில்தான், கடைசி நிமிடத்துக் கோலும் ஓர் ஊரை உறங்கவிடாமல் செய்யும்.

ஒரு மலைநகரம்

இக்குறைகளை மீறி எழுந்த ஊரும் உண்டு. மிசோரத்தின் தலைநகரான ஐசால், 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் வாழும் மலைநகரம். அம்மாநிலம் 2012இல் தனக்கெனப் பிரீமியர் லீக் ஒன்றைத் தொடங்கி, உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. அயல்நாட்டு வீரரை அறிந்த சிறுவர், தம் தெருவில் வாழும் வீரரையும் திரையில் கண்டனர். ஐசால் கால்பந்துக் கழகத்தில் மிசோ இளைஞர் பலர் இடம்பெற்றனர். 2016-17 ஐ-லீக் தொடரின் கடைசி ஆட்டத்தை ஷில்லாங்கில் 1-1 எனச் சமன் செய்து, அக்கழகம் நாட்டின் பெருங்கழகங்களை முந்தி வாகை சூடியது. ஒளிபரப்பு பார்வையாளரைப் பறிக்கும் என்பர்; தம்மவரைக் காட்டும் ஒளிபரப்பு பார்வையாளரை உருவாக்கவும் வல்லது என்பதை ஐசால் உணர்த்துகிறது.

நமக்கு என்ன?

மாணவர்களே! நம் பள்ளியில் பயிலும் பலர், பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்பவர்கள். "இது நம் ஊரன்று, இவ்வூர் அணி நமக்கு எதற்கு?" என்று எண்ணுதல் இயல்பே. ஆனால், 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகத்தை எண்ணிப் பாருங்கள். கிழக்கு வங்கத்திலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தோர், விட்டுவந்த நிலத்தின் பெயரைத் தாங்கிய அவ்வணியின் படிவரிசைகளில் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். வந்தேறிய நகரம் அவர்களுக்கு அங்கே சொந்தமாயிற்று.

அயலூரின் மொழியைக் கற்கப் பல திங்கள் ஆகும். அதன் அணிக்காகக் கைதட்ட ஒரு மாலைப்பொழுது போதும். அந்த மாலையில் அருகே அமர்பவர் உங்கள் முதல் ஊர்த்தோழராகலாம்.

சொற்பொருள்

இல்ல ஆட்டம் – தன் சொந்தக் களத்தில் ஓர் அணி ஆடும் ஆட்டம்
கமுகு – பாக்கு மரம்
படிவரிசை – பார்வையாளர் அமரும் படிக்கட்டு அமைப்பு
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
திங்கள் – மாதம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'செவன்ஸ்' ஆட்டங்கள் இரவில் நடப்பதால் விளையும் பயன் யாது?
2. "ஏணியில்லாத மாடி" என்று பாடம் எதனைக் குறிக்கிறது?
3. ஐசாலில் உள்ளூர் ஒளிபரப்பு என்ன மாற்றத்தை உண்டாக்கியது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. தரக்குறைவே கூட்டமின்மைக்குக் காரணம் என்னும் கருத்தை ஆசிரியர் எவ்வாறு மறுக்கிறார்? அம்மறுப்பை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.

இ. பிரித்து எழுதுக.
1. நுழைவுச்சீட்டுகள்
2. வெயிலில்லாத
3. மின்விளக்கொளி

ஈ. செயப்பாட்டுவினைத் தொடராக மாற்றுக.
1. கழகம் ஆட்டத்தின் நேரத்தை மாற்றியது.
2. ஊரார் தம் அணியைக் கொண்டாடினர்.

உ. செயல்பாடு
நீங்கள் வாழும் நகரத்தில் அல்லது மாவட்டத்தில் ஆடும் கால்பந்துக் கழகம் ஒன்றினைக் கண்டறிக. அதன் அடுத்த ஆட்டத்தின் நாள், நேரம், இடம், செல்லும் வழி ஆகியவை விளங்குமாறு, பள்ளி அறிவிப்புப் பலகைக்கு ஓர் அழைப்பிதழ் எழுதுக.