மழைக்கு முன் புல்தரை

நமக்கு வசந்தகாலம் கிடையாது. புல் தழைப்பது மழையைப் பார்த்துத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் மார்ச் கடைசியிலிருந்து மாலை இடிமழை வலுக்கும். அதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் மண். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் 19-ஆம் நூற்றாண்டில் செங்கல் அறுத்ததே அங்குள்ள களிமண்ணால்தான். கிள்ளானில் கடலோரக் களி. நடந்து நடந்து இறுகினால் தண்ணீர் உள்ளே இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. முந்தின நாள் நனைத்துவிட்டு, தோட்டத்து இரும்பு முள்கரண்டியை அரைச் சாண் இடைவெளியில் 10 சென்டிமீட்டர் ஆழம் குத்தி லேசாக அசையுங்கள். மக்கிய உரத்தோடு கொஞ்சம் ஆற்று மணல் கலந்து தூவி, துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளுங்கள். கடல்மணல் வேண்டவே வேண்டாம். உப்பு புல்லைக் கருக்கிவிடும்.

கோரையைக் கிழங்கோடு தோண்டியெடுங்கள், கிள்ளினால் மறுபடி முளைக்கும். தொட்டாற்சுருங்கியைப் பூக்கும் முன்பே பிடுங்குங்கள்.

கவ்கிராஸ் புல்லை 4 – 5 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள்.

15-15-15 உரம் சதுர மீட்டருக்கு 30 கிராம் போதும். இரண்டு மூன்று மழை பெய்து புல் துளிர்த்தபின் போட்டு, உடனே தண்ணீர் தெளியுங்கள். பெருமழைக்கு முன் போட்டால் பாதி லோங்காங்குக்குப் போய்விடும்.

மாமர நிழலில் சொட்டையா? கவ்கிராஸ் கொடியைக் கணுவோடு நட்டால் பிடித்துக்கொள்ளும்.

பள்ளங்களை மண்ணிட்டுச் சமமாக்குங்கள். பூச்சட்டித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரந்தோறும் கொட்டிக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிடுவது அங்கேதான்.