உன் இடத்துக்கு ஆள் தயார் செய்

பண்ருட்டி

அன்பு மகளுக்கு,

கல்லூரி மகளிர் கால்பந்து அணியை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், பழைய ஆட்டக்காரிகள் இரண்டு பேர் உனக்கு உதவியாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று படித்து மகிழ்ந்தேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். 'தெரிந்ததையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், நாளைக்கு என் இடத்துக்கே வந்துவிட மாட்டார்களா சார்?' அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

வரட்டும். வந்தால்தான் நீ நல்ல கோச்.

நம் கல்லூரிகளின் நிலைமை உனக்குத் தெரியும். கபடி, வாலிபால், தடகளம், கால்பந்து எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு உடற்கல்வி இயக்குநர். மாலையில் பிள்ளைகளோடு கிரவுண்டில் நிற்பது உதவியாளர்தான். அந்த ஆளைத்தான் பந்துக்குக் காற்றடிக்கவும் கோன் வைக்கவும் தண்ணீர் பாட்டில் தூக்கவும் வைத்திருக்கிறோம். நாலு வருடம் கோன் வைத்தவருக்கு நாலு வருடப் பயிற்சி அனுபவம் என்று சான்றிதழ் வேறு தருகிறோம். இது அநியாயம்.

லிவர்பூல் கதையை நான் சொல்லி நீ பல முறை கேட்டிருக்கிறாய். இன்னொரு முறையும் கேள். அந்த கிளப்பைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பது என் பழக்கம். 1959 டிசம்பரில் பில் ஷாங்க்லி மேனேஜராக வந்தபோது அணி இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. புதிதாக வருகிறவர் பழைய ஆட்களை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவருவதுதான் வழக்கம். ஷாங்க்லி அப்படிச் செய்யவில்லை. பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் என்று இருந்தவர்களையே வைத்துக்கொண்டார். அவர்களுடைய ஆன்ஃபீல்ட் மைதானத்தில் பூட்ஸ் மாட்டிவைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. அங்கே பெட்டிகள் மேல் உட்கார்ந்து, யாருக்குக் கால் வலி, யார் சோர்ந்துபோயிருக்கிறார், அடுத்து வரும் அணியின் பலவீனம் எங்கே என்று பேசுவார்கள். பயிற்சியில் நடந்ததை நோட்டில் எழுதிவைப்பார்கள்.

1974இல் ஷாங்க்லி விலகியபோது வெளியிலிருந்து ஆள் வரவில்லை. பெய்ஸ்லி பொறுப்பேற்றார், ஒன்பது சீசனில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை. 1983இல் அவர் விலக, ஃபேகன். முதல் சீசனிலேயே லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றும் வந்தன. ஷாங்க்லி கையில் ஐரோப்பியக் கோப்பை ஒருமுறைகூடச் சேரவில்லை. அவருடைய உதவியாளர்கள் இருவரும் வென்றார்கள். அதனால் அவர் பெயர் குறைந்துவிட்டதா? ஆன்ஃபீல்டில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்த வழி உண்டு. ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம், பயிற்சியாளராக 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் நம் கால்பந்து அணிக்குத் தங்கம் வாங்கித்தந்தார். 1963இல் மறைந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் ஆடிய நம் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ்தான், 1973இல் கேரளம் முதன்முறையாக சந்தோஷ் டிராஃபி வென்றபோது அதன் பயிற்சியாளர். இன்றைக்கு வா. காலித் ஜமீல் நார்த்ஈஸ்ட் யுனைடெட் கிளப்பில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2021இல் சீசன் நடுவில் அணி அவர் கைக்கு வந்தது; பிளே ஆஃப் வரை கொண்டுபோனார். 2025இல் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். உதவியாளராக இருந்தபோதே ஆட்டத்தைத் தலைமைப் பயிற்சியாளரின் கண்ணால் பார்க்கப் பழகியவரால்தான் இப்படி நடுவழியில் பொறுப்பேற்க முடியும்.

நம் ஊருக்கு வருகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் ஏழைப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து விளையாடக் கற்றுக்கொடுத்தார். அங்கிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினாள். நம் பண்ருட்டிப் பெண் சந்தியா ரங்கநாதனும் ஆடினாள். 2018இல் தமிழ்நாடு மகளிர் அணி கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனது. ஒரு மனிதரின் உழைப்பு இவ்வளவு செய்ததே, அவரைப் போல் பத்துப் பேர் இருந்தால்? ஆட்டக்காரிகளைத் தந்த மாவட்டம் பயிற்சியாளர்களையும் தர வேண்டாமா? அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர் இப்போது உன் கிரவுண்டில் கோன் வைத்துக்கொண்டிருக்கலாம்.

என்ன செய்வது என்று கேட்பாய். முதலில், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையை முழுசாகக் கொடு. ஒருத்திக்கு கோல்கீப்பர்கள், இன்னொருத்திக்கு கார்னரும் ஃப்ரீ கிக்கும். யார் அடிப்பது, யார் முதல் போஸ்ட்டில் நிற்பது, எதிரணி கார்னர் அடிக்கும்போது யார் யாரைப் பிடிப்பது, எல்லாம் அவள் முடிவு. அதில் கோல் வாங்கினால் பதில் சொல்வதும் அவள். பிள்ளைகள் முன்னால் அவள் முடிவை நீ மாற்றாதே. தப்பென்று பட்டால் பயிற்சி முடிந்த பிறகு தனியாகச் சொல்.

அடுத்தது, பார்க்கக் கற்றுக்கொடு. ஆட்டத்தில் எல்லார் கண்ணும் பந்தின் மேல்தான். உதவியாளர் கண் அங்கே இருக்கக் கூடாது. பந்து வலப்பக்கம் போகும்போது நம் இடது பேக் எங்கே நிற்கிறாள்? உள்ளே நெருங்கி வந்தாளா, கோட்டோரமாகவே நின்றுவிட்டாளா? முதல் இருபது நிமிஷம் அதை மட்டும் பார்த்து எழுதச் சொல். ஹாஃப் டைமில் அதை அவளே அணிக்குச் சொல்லட்டும், இரண்டே வாக்கியத்தில். பதினைந்து நிமிஷத்தையும் நீயே பேசித் தீர்க்காதே. கோட்டோரம் நின்று தொண்ணூறு நிமிஷமும் கத்துகிற கோச்சுகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் பக்கத்தில் நிற்கிற உதவியாளர் கத்துவதைத் தவிர வேறென்ன கற்றுக்கொள்வார்?

பயிற்சியாளர்களுக்கான டி லைசென்ஸ் படிப்புக்கு இரண்டு பேரையும் அனுப்பு; பிறகு சி லைசென்ஸுக்கு. ஆனால் அந்தக் காகிதம் வந்ததும் எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்காதே. படித்து வந்ததை மறுநாளே உன் அணியை வைத்து நடத்த இடம் கொடு. அன்றைக்கு கோன் வைப்பது நீயாக இரு.

அடுத்த கல்லூரிப் போட்டிக்கு முன்னால் எனக்கு எழுது. அணிப் பட்டியல் வேண்டாம். எந்த வேலையை யாரிடம் முழுசாக விட்டிருக்கிறாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பி.டி. சார்